ஒரே வாசல், இரண்டு விருந்தாளிகள்

லினக்ஸ் என்றால் எமது வகுப்பில் பலருக்கும் நினைவு வருவது பாடத்தில் மனனம் செய்த இரண்டு சொற்கள்தான்: இலவசம், திறந்த மூலம். எங்கள் வீட்டில் அது ராத்தாவின் கண்ணுக்குப் பதிலாக இருக்கின்ற ஒன்று. அவருக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை மிகக் குறைவு. காக்கா பல்கலைக்கழகம் போன வருடம் வாப்பாவின் பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி, ஓர்கா என்ற திரைவாசிப்பானை இயக்கிக் கொடுத்தார். திரையில் இருப்பதை ஓர்கா வாசிக்கும், ராத்தா கேட்பார். மவுஸைத் தொடவே மாட்டார். வெளிவாரிப் பட்டப்படிப்புக்கான குறிப்புகள், மின்னஞ்சல், பத்திரிகை எல்லாம் விசைப்பலகையால்தான். வாசிக்கும் வேகத்தை அவர் கூட்டி வைத்திருப்பதால் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. கடலை வறுக்கும் சத்தம் போல இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் புதிய பதிப்புக்கு மாறியபோது, சில ஜன்னல்களில் ஓர்காவுக்கான கட்டளை விசைகள் வேலை செய்யாமல் போயின. ராத்தா அழுத்துவார், அது ஊமையாக இருக்கும். காக்காவுக்குத் தொலைபேசி எடுத்தோம். "பாஸ்வேர்ட் அடிக்கிற இடத்துல, கீழ் மூலையில பல்லுச்சக்கரம் மாதிரி ஒண்டு இரிக்கிதா? அத அமத்தி, எக்ஸ் எண்டு இரிக்கிறதத் தெரிவு செய்ங்க" என்றார். செய்தோம், குரல் திரும்பி வந்தது. அந்த 'எக்ஸ்' என்னவென்று அறியும் ஆசை அன்று எனக்குப் பிடித்தது.

கணினியில் ஒரு மென்பொருள் தான் நினைத்தபடி திரையில் எழுதிவிட முடியாது. பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடுவதால், யாருடைய ஜன்னல் எங்கே இருக்க வேண்டும், அழுத்திய விசை யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்க நடுவர் ஒருவர் தேவை. லினக்ஸில் நீண்ட காலம் அந்த வேலையைச் செய்தது எக்ஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984இல் ரொபர்ட் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் தொடங்கியது. அதற்கு முன் 'டபிள்யூ' என்றொரு முறை இருந்ததாம். ஆங்கில அரிச்சுவடியில் அடுத்த எழுத்து எக்ஸ், பெயர் வந்த கதை அவ்வளவுதான். 1987இல் வெளிவந்த பதினோராவது பதிப்பின் அடித்தளமே இன்றும் ராத்தாவின் மடிக்கணினியில் ஓடுகிறது. என் உம்மா பாடசாலைக்குப் போகத் தொடங்கிய காலத்து மென்பொருள் அது.

அக்காலத்தில் ஒரு பெரிய கணினியில் ஓடும் மென்பொருளை வலையமைப்பினூடாக வேறொரு மேசையில் இருந்து பார்ப்பதே பெரிய விடயம். பாவிப்போர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஆகவே எக்ஸ் எவரையும் சந்தேகிக்கவில்லை. அதில் இயங்கும் எந்த மென்பொருளும் மற்ற மென்பொருள்களில் நாம் அழுத்தும் விசைகளைக் கேட்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம். நீங்கள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை அடிக்கும்போது, மூலையில் திறந்திருக்கும் ஒரு சின்ன விளையாட்டு அதைக் குறித்துக்கொள்ள முடியும். திரையைப் பூட்டும் மென்பொருளும் அங்கே மற்றவற்றைப் போல ஒன்றுதான். அது பழுதாகி நின்றால் பின்னால் இருப்பது வெளியே தெரிந்துவிடும்.

2008இல் ரெட் ஹட் நிறுவனத்தில் வேலை செய்த கிறிஸ்டியன் ஹொக்ஸ்பெர்க் என்பவர் புதிய முறையொன்றைத் தொடங்கினார். மசசூசெட்ஸ் மாநிலத்தின் வேலண்ட் என்ற ஊரைக் கடந்து வாகனம் ஓட்டியபோது யோசனை தெளிவானதால், அதற்கு வேலண்ட் என்றே பெயரிட்டார். அதைக் கட்டியெழுப்பியவர்களில் பலர் எக்ஸை ஆண்டாண்டாகப் பராமரித்தவர்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பழைய வீட்டின் எந்தச் சுவர் ஒழுகும் என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

வேலண்டில் ஒவ்வொரு மென்பொருளும் தன் ஜன்னலை மட்டுமே அறியும். அடுத்ததில் அடிக்கப்படும் விசை அதன் காதுக்கு எட்டாது. நல்லதுதான். ஆனால் ஓர்கா செய்யும் வேலையை யோசித்துப் பாருங்கள். எந்த ஜன்னல் முன்னே இருந்தாலும் அது ராத்தாவின் கட்டளை விசையைக் கேட்க வேண்டும். ஒட்டுக்கேட்கும் திருடனும் அதையேதான் செய்கிறான். எக்ஸ் இருவருக்கும் ஒரே வாசலைத் திறந்து வைத்திருந்தது, வேலண்ட் அந்த வாசலை இருவருக்கும் சேர்த்தே மூடியது. திரையைப் பகிர்வது, படம் பிடிப்பது, ஒரு மென்பொருள் இன்னொன்றின் ஜன்னலை நகர்த்துவது ஆகியனவும் இப்படியே நின்றுபோயின. பிறகு ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டு நுழையும் சிறு வழியை ஒன்றொன்றாகக் கட்ட வேண்டியிருந்தது.

இவ்வளவு காலம் எடுத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. வேலண்ட் ஒரு மென்பொருள் அல்ல, அது ஒரு விதிமுறை. குனோம், கேடிஈ போன்ற ஒவ்வொரு மேசைச்சூழலும் தனக்கான நடுவரைத் தானே எழுத வேண்டும். வரைகலை அட்டை செய்யும் என்விடியா நீண்ட காலம் வேறு வழியில் சென்று, மற்றவர்கள் பாவித்த முறைக்கு 2021இல்தான் வந்தது. ஃபெடோரா 2016இல் வேலண்டை இயல்பிருப்பாக்கியது. உபுண்டு 2017இல் மாறி, 2018இல் எக்ஸுக்குத் திரும்பி, 2021இல் மீண்டும் மாறியது. பழைய மென்பொருள்கள் கைவிடப்படாமல் இருக்க, வேலண்டுக்குள்ளேயே ஒரு சிறிய எக்ஸை ஓடவிட்டிருக்கிறார்கள். தமிழ் உட்பட எல்லா மொழிகளுக்கும் எக்ஸுக்காக எழுதிய விசைப்பலகை அட்டவணைகளையும் எறியாமல் எடுத்துக்கொண்டார்கள். யுனிகோட் வந்து இத்தனை வருடமாகியும் பாமினியில் தட்டச்சிட்ட ஆக்கங்களை வாங்கி மாற்றிக்கொண்டிருக்கும் நாம் இந்தத் தாமதத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

2025இல் வெளிவந்த குனோம் 48இல், வேலண்டிலும் ஓர்காவின் விசைகள் வேலை செய்ய வழி செய்யப்பட்டது. அதே வருட ஒக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் எக்ஸ் அமர்வே நீக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் இடையிலான மாதங்களை எண்ணினால் எனக்குக் கோபம் வருகிறது. பார்வையுள்ளவர்களுக்கு வேலண்ட் பல வருடங்களாகவே போதுமானதாக இருந்தது. ராத்தாவைப் போன்றவர்களுக்குப் புதிய வழி திறந்த கையோடு பழைய வழி மூடப்படுகிறது. எல்லோருக்காகவும் எக்ஸைக் காலமெல்லாம் பராமரிக்க ஆளில்லை என்ற நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் வரிசையில் கடைசியாக நிற்பவர் எப்போதும் ஏன் அவராகவே இருக்கிறார்?

ராத்தாவுக்கு என்னளவு கோபமில்லை. போன விடுமுறையில் காக்கா புதிய பதிப்பை யூஎஸ்பியில் கொண்டுவந்தார். கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். ராத்தா ஒரு மாலை முழுவதும் அதன் முன்னால் இருந்தார். கட்டளை விசைகள் கேட்டன. முன்பு ஊமையாகிய ஜன்னல்களிலும் கேட்டன. ஆனால் ஒரு விசையை அழுத்தினால் பின்னால் இருக்கும் மின்னஞ்சல் ஜன்னல் முன்னே வரும்படி காக்கா எழுதிக் கொடுத்திருந்த சிறு நிரல் ஓடவில்லை. ஒரு மென்பொருள் இன்னொன்றின் ஜன்னலை இழுத்து முன்னே கொண்டுவர வேலண்ட் விடாது.

"அது இல்லாட்டி நான் ஒவ்வொரு ஜன்னலாத் தட்டித் தட்டிப் போகணும்" என்றார் ராத்தா. "அதுக்கும் ஒரு வழி எழுதித் தாங்க, பொறகு மாறுறன்."

எங்கள் வீட்டுப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் சில வருடங்களுக்கு வரும். காக்கா அந்த நிரலை குனோமுக்கான நீட்சியாகத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறார். பரிசோதிக்கும் வேலை எனக்கு. கண்ணைக் கட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று ராத்தா நிபந்தனை போட்டிருக்கிறார்.