இரண்டு லட்சத்துக்குள் ஒரு கார்

ஜனவரி 6, 2025. திங்கள்

பெரியவனுக்குக் காறை எலும்பில் முறிவு. காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் மாடு குறுக்கே வர, பைக்கோடு ஜல்லியில் சறுக்கியிருக்கிறான். கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் ஆகுமாம். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு பிளவு. அது இல்லாமல் போயிருந்தால் என்பதை எழுதவே கை வரவில்லை.

ஜனவரி 8

இவர் நெய்வேலியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்ததும் உட்கார்ந்து பேசினோம். அவன் பொறியியல் மூன்றாம் வருடம். சின்னவள் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் முதல் வருடம். இரண்டு பேருக்கும் காலையில் கடலூர் போக வேண்டும். பண்ருட்டியில் ஸ்டேஷன் இருக்கிறது, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கலாம், ஆனால் ரயில் நேரமும் கல்லூரி நேரமும் ஒத்துவரவில்லை. பஸ்ஸில் ஒற்றைக் கையோடு அவனை எப்படித் தொங்க விடுவது? பைக்கை இனி எடுக்க விடமாட்டேன். இரண்டு லட்சத்துக்குள் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்ப்பதென்று முடிவு. மாசியில் சீட்டு எடுத்தால் பணம் சரியாக இருக்கும்.

ஜனவரி 17

பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு கார் யோசனை இருந்தது. தம்பி சான்ட்ரோ என்கிறான். கொழுந்தனார் ஆல்டோ என்கிறார். வண்டியில் போகப்போகிற இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 26. ஞாயிறு

தானே அடித்த வருஷம் எடுத்த சான்ட்ரோ. முந்திரித் தோப்புக்காரர் ஒருவருடையது. இந்தப் பக்கம் எல்லாக் கணக்கும் தானேயிலிருந்துதான் தொடங்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதிப் புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் வேறு எப்படிக் கணக்கு வைப்பார்கள்?

பட்டறை பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். நேற்றே சொல்லியிருந்தார்: “நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிடுங்க டீச்சர்.” எஞ்சின் சூடேறிவிட்டால் கோளாறு பாதி மறைந்துவிடுமாம். பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. ஒன்றும் பேசவில்லை. மீட்டரில் 41,000 கிலோமீட்டர். ஆனால் பிரேக் பெடல் ரப்பர் மழுங்கி, ஸ்டீயரிங் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் சைலன்ஸரில் நீலப்புகை. ஆயில் எரிகிறது என்றார். அதோடு 2026-ல் பதினைந்து வருடம் முடிகிறது. திரும்பப் பதிவு செய்ய 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமே 5,000. அதற்குமுன் 600-தான் இருந்தது. எஃப்.சி.க்குத் தயார் செய்யும் செலவு தனி.

“யாரு டீச்சர் ஓட்டப் போறது?” என்று பாய் கேட்டார். பையன் என்றேன். சின்னவள் செல்போன் டார்ச்சை எஞ்சினுக்கு அடித்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 29

அவனுக்கு ராத்திரி தூக்கமில்லை. எனக்கும்.

பிப்ரவரி 2. ஞாயிறு

புதுச்சேரி. புரோக்கர் காட்டியது 2016 ஆல்டோ, ஃபர்ஸ்ட் ஓனர், 1,70,000. சீட்டில் புதுக் கவர், உள்ளே மல்லிகை சென்ட், பெயிண்ட் பளபளப்பு. நான் மயங்கித்தான் போயிருந்தேன். பி.ஒய். நம்பர் வண்டி மலிவு, ஆனால் இங்கே கொண்டுவர என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். அதற்கு எவ்வளவு ஆகுமென்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.

சின்னவள் பின்சீட்டில் ஏறி சீட் பெல்ட்டை இழுத்தாள். அடிவரை இழுத்தாள். கடைசி ஒரு முழத்தில் பழுப்புக் கோடு. விரலால் தேய்த்தால் வண்டல். “அம்மா, இது தண்ணிக்குள்ள நின்ன வண்டி.”

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை பொங்கி விழுப்புரம், கடலூர் கிராமங்களில் புகுந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. பாயிடம் போனில் சொன்னேன். வெள்ளத்தில் நின்ற வண்டியை எஞ்சின் பார்த்து ஓட்டிவிடலாம், வயரிங்கும் கண்ட்ரோல் யூனிட்டும் உள்ளுக்குள் பச்சை பூத்து ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நிறுத்தும் என்றார். மேட்டைத் தூக்கி அடியில் துரு பார், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் கை விட்டுத் தடவு, சென்ட் அடித்த வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார் என்றார்.

அந்த வண்டியை யாரோ வாங்கத்தான் போகிறார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பிப்ரவரி 3

கோபம் இன்னும் ஆறவில்லை.

பிப்ரவரி 11. தைப்பூசம்

வடலூர் ஜோதிக்குப் போகிற கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை. உட்கார்ந்து படித்தேன். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை மோதிப் பார்த்திருக்கிறது: ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது நான்கு ஸ்டார். டிரைவர் பக்க ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியது 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கு அதற்கும் பிறகு.

இரண்டு லட்சத்துக்குள் நாங்கள் பார்த்ததெல்லாம் அதற்கு முந்தைய வண்டி. பைக்கிலிருந்து இறக்கி எதில் ஏற்றப் போகிறேன்? மலிவு என்பதற்கு ஒரு எல்லை வைத்திருந்தோம், அந்த எல்லை இடம் மாறிவிட்டது. ஏர்பேக் இல்லாத வண்டி வேண்டாமென்று இவரிடம் சொன்னேன். பணம்? என்றார். ஆசிரியர் சங்கத்தில் கடன் கேட்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 17

தூளியைக் கழற்றியாயிற்று. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

பிப்ரவரி 23. ஞாயிறு

நெய்வேலி டவுன்ஷிப். ரிட்டயர் ஆகிற மாதங்களில் இங்கே வண்டிகள் விலைக்கு வரும். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊர் போகிறவர்கள். வண்டிக்காரர், இவரோடு வேலை பார்த்தவருக்குத் தெரிந்த பெரியவர். 2018 செலேரியோ, முன்னால் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். விலை 3,40,000. சர்வீஸ் பில் அத்தனையும் ஃபைலில் தேதிவாரியாக. பானெட் ஜில்லென்று இருந்தது. டயரில் நான்கு இலக்கம் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார் பாய்: முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2222. ஐம்பதாயிரம் ஓடிய வண்டிக்கு ஒரு தடவை டயர் மாற்றியது சரிதான். பாய் ஓட்டிப் பார்த்து இறங்கி, “இத விட்டுடாதீங்க டீச்சர்” என்றார்.

வண்டியை அதிகம் ஓட்டியது பெரியவர் வீட்டு அம்மாதான். மார்க்கெட், ஆஸ்பத்திரி, கடலூர் எல்லாம் அவர்தான் போய் வந்திருக்கிறார். இப்போது முழங்கால் விட்டுவிட்டது. சாவியைச் சின்னவளிடம் நீட்டினார். “உக்காந்து பாரும்மா, கிளட்ச் எட்டுதான்னு.” உட்கார்ந்தாள். சீட்டை ஒரு படி முன்னே தள்ளிக்கொண்டாள். எட்டியது.

பெரியவர் ஒன்றில் கறார். கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29, 30 ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேராமல் வண்டி நகராது என்றார். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டினார்: விற்றுக் கைமாறியிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே விபத்துக்குப் பொறுப்பு. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

மார்ச் 2

சீட்டு எடுத்தாயிற்று. சங்கக் கடனுக்கு மனு கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 5

பெரியவன் முதல் தடவையாகத் தானே பேச்செடுத்தான். கொஞ்ச நாளைக்கு வண்டி எதுவும் ஓட்ட வேண்டாம் போலிருக்கிறதாம். பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன் என்றான். சரி என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

மார்ச் 12. புதன்

சின்னவளுக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது. முப்பது நாள் கழித்து லைசன்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். டிரைவிங் ஸ்கூலில் காலை ஆறு மணி பேட்ச்.

வண்டிதான் நிற்கிறது. எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்த்தபோது கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருந்தது. பெரியவர் கடனை 2022-லேயே கட்டி முடித்திருக்கிறார், ஆர்.சி.யிலிருந்து பெயரை நீக்காமல் விட்டிருக்கிறார். வங்கியிலிருந்து என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் வாங்கிக் கொடுத்தால்தான் என் பெயருக்கு மாற்ற முடியும். அவர் நேற்றே வங்கிக்குப் போய்வந்துவிட்டார், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்திருப்பது முன்பணம் 10,000 மட்டும். அந்தப் பெயர் நீங்கிய பிறகே மீதிப் பணம்.