பெங்களூருவுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே



இந்த வாரத் தியானத்தை என் தவறு ஒன்றை அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன்.

வானூரில் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் ஒரு கார்த்திகை மாத வியாழக்கிழமை விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரே மகன் சான்பிரான்சிஸ்கோவில். அங்கே அப்போது புதன்கிழமை பிற்பகல். "இன்றிரவு விமானத்தில் புறப்படுகிறேன், காத்திருங்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

எப்போது வந்து சேருவார் என்று உறவினர்கள் என்னைக் கேட்டார்கள். நான் ஒருமுறை அமெரிக்கா சென்றவன். இரண்டு இடங்களில் விமானம் மாறி, இரண்டு இரவுகளை வழியிலேயே கழித்தவன். அதையே அளவுகோலாக்கி, "சனிக்கிழமைக்கு முன் வர இயலாது, மழைக்கால மின்தடையில் குளிர்ப்பெட்டியை நம்பவும் முடியாது" என்றேன். வெள்ளி நண்பகல்வரை பார்க்கலாம் என்று தாயாரின் தம்பி மன்றாடினார். நான்தான் அவரை இணங்கவைத்தேன். அன்று மாலை ஐந்து மணிக்கு அடக்க ஆராதனை முடிந்தது.

மகன் வெள்ளிக்கிழமை அதிகாலை மூன்றரை மணிக்குப் பெங்களூருவில் இறங்கினார். நண்பகலில் வானூரில் இருந்தார்.

பள்ளிச் சுவரில் தொங்கிய உலகப்படம் என்னை ஏமாற்றியிருந்தது. அதில் கலிபோர்னியா இடது ஓரம், இந்தியா வலப்பக்கம், நடுவே இரண்டு கண்டங்களும் ஒரு பெருங்கடலும். உருண்டையான புவிக்கோளத்தில் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். அது கிழக்கும் போகாது, மேற்கும் போகாது. மேலேறி வட துருவத்தை ஒட்டிச் சென்று மறுபுறம் இறங்கும். நீளம் சுமார் 14,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான். ஆகவே எந்த இரண்டு விமான நிலையங்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது. 2021 ஜனவரி 11 அன்று, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் துருவத்தின் மேலாகப் பறந்து, இடையில் எங்கும் நில்லாமல், சுமார் பதினேழு மணி நேரத்தில் பெங்களூரு வந்தது. அந்தச் செய்தியை நாளிதழில் வாசித்து வியந்தவன் நான். தேவையான நாளில் அது நினைவுக்கு வரவில்லை.

பெத்தானியாவின் தூரத்தை யோவான் குறித்துவைத்திருப்பதை அன்றிரவுதான் கவனித்தேன். எருசலேமிலிருந்து பதினைந்து ஸ்தாதி. மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எளிதாக நடந்து வந்துவிட்டார்கள். ஆண்டவர் வந்தபோதோ லாசரு கல்லறையில் நான்கு நாளாயிருந்தான். மார்த்தாள் தன் மனத்தாங்கலை மறைக்கவில்லை. இறையியல் கல்லூரியில் அந்த அதிகாரத்தை மூலமொழியில் படித்தேன். மார்த்தாளின் குரல் அப்போது என் காதில் விழவில்லை.

மகன் மனத்தாங்கல் எதையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பாரமாயிருந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு அவருடன் நடந்தேன். ஈர மண்ணின்மேல் சாமந்தி மாலைகள் இன்னும் வாடியிருக்கவில்லை.

"எத்தனை மணிக்கு ஐயா?" என்றார்.

"ஐந்து மணிக்கு."

மனதுக்குள் கணக்கிட்டார். "அப்போது எனக்கு முன்னிருந்த திரையில் விமானம் துருவத்தின் பக்கத்தில் நின்றது. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குதான் என்று பக்கத்திலிருந்த பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் குனிந்து, சரிந்திருந்த ஒரு மாலையை நேராக வைத்தார்.