கையை விட்டு வராத அம்பு

டார்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் பத்தி ஒரு த்ரெட். டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. ஓபிக்கு வந்துடுவேன், கொஞ்சம் பொறுங்க.

கடலூர்ல டார்ட்ஸுக்குக் கிட்டத்துல இருக்கிறது சில்வர் பீச்ல பலூன் சுடுறதுதான். லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல நடக்கிற இந்தப் போட்டி வேற ரகம். ஏழே முக்கால் அடி தள்ளி நின்னு ஒரு முறைக்கு மூணு அம்பு. 501ல ஆரம்பிச்சு சரியா பூஜ்யத்துக்கு வரணும். 2025 டிசம்பர்ல நம்ம நிதின் குமார் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2ன்னு ஜெயிச்சார். அந்தப் போட்டியில ஒரு ஆட்டம் ஜெயிச்ச முதல் இந்தியர் அவர்தான். அதோட எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. நைட் டூட்டியில கேஸ் இல்லாத நேரமெல்லாம் டார்ட்ஸ்தான்.

ஜனவரி 3, ஃபைனல். 18 வயசு லூக் லிட்லர் 7-1ன்னு ஜெயிச்சு 10 லட்சம் பவுண்டு வாங்கிட்டுப் போனார். எனக்குக் கண்ணு தோத்தவர் மேல. ஜியான் வான் வீன். சில வருஷம் முன்னாடி, அம்பை எறியப் போனா அது கையை விட்டே வராதாம். அவரே சொல்லியிருக்கார்.

இதுக்கு டார்டைட்டிஸ்னு பேர். அஞ்சு முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கே 1986 கடைசியில வந்துச்சு. கையில பலம் இருக்கும், வலி இருக்காது. டீ கிளாஸ் பிடிக்கலாம், சட்டை பட்டன் போடலாம். அம்பை விட மட்டும் விரல் திறக்காது. இதுல பதட்டம் எவ்வளவு, நரம்பியல் கோளாறு எவ்வளவுன்னு இன்னும் விவாதம் இருக்கு. ஆனா இதோட நெருங்கிய சொந்தம் ஒண்ணு நம்ம ஓபிக்கே வரும். ரைட்டர்ஸ் க்ராம்ப். ஒரே நுட்பமான வேலையை வருஷக்கணக்கா செய்யுறவங்களுக்கு, மூளையிலிருந்து போற கட்டளை அந்த ஒரு வேலைக்கு மட்டும் குழம்பும். தேவையில்லாத தசையெல்லாம் சேர்ந்து இறுகும்.

படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ஆறு மாசம் முன்னாடி ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், மீன் ஏலத்துல கணக்கு எழுதுறவர். "எழுதும்போது மட்டும் கை இழுத்துக்குது சார். முதலாளி நடிக்கிறேன்னு சொல்றார்." பலம் பார்த்தேன், ரிஃப்ளெக்ஸ் பார்த்தேன், சுகர் பார்த்தேன். எல்லாம் நார்மல். வெளியே நூறு பேர் வரிசை. "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு பி காம்ப்ளக்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். மரியாதையா சொன்னேன், அவ்வளவுதான். முதலாளி சொன்னதையேதான் நானும் சொல்லியிருக்கேன்.

என் மேசையிலேயே பேனா இருந்துச்சு. எழுதிக் காட்டுங்கன்னு சொல்லலை.

ஃபைனல் முடிஞ்சு ரெண்டு வாரத்துல, மனைவிக்கு பிபி மாத்திரை வாங்க அவரே வந்தார். கூப்பிட்டு உட்கார வச்சு, ஓபி சீட்டைத் திருப்பிப் போட்டு பேனாவைக் கொடுத்தேன். முதல் எழுத்து ஒழுங்கா வந்துச்சு. ரெண்டாவதுல மணிக்கட்டு உள்பக்கமா மடங்குச்சு, ஆள்காட்டி விரல் பேனாவை விட்டுத் தூக்கிக்குச்சு. பேப்பர் கிழிஞ்சுது.

"போன தடவை நான் சரியா பார்க்கலைங்க ஐயா, மன்னிச்சுக்கோங்க. நீங்க நடிக்கலை, இதுக்குப் பேர் இருக்கு"ன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. கையைப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

சிதம்பரம் மெடிக்கல் காலேஜ்ல நரம்பியல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி லெட்டர் எழுதினேன். சில பேருக்குத் தடிமனான பேனாவும் பிடியை மாத்துறதும் போதும். சில பேருக்கு போடாக்ஸ் ஊசி, ஆமா, முகச் சுருக்கத்துக்குப் போடுற அதேதான், இறுகுற தசையில அளவா போடுவாங்க. முழுசா போயிடும்னு நான் வாக்குக் கொடுக்கலை.

வான் வீன் கதையையும் சொன்னேன். அம்பு, போர்டு எல்லாம் கையால படம் போட்டுக் காட்டி. பொறுமையா கேட்டுட்டு, "அந்தப் பையன் ஜெயிச்சானா சார்?"னு கேட்டார்.

"இல்லைங்க ஐயா, தோத்துட்டான். ஆனா ஃபைனல்ல."

சிரிச்சுட்டு, சிதம்பரத்துக்கு எத்தனை மணிக்கு பஸ்னு வெளியே விசாரிச்சுக்கிட்டே போனார்.