நாட்கூலி

2018 ஆகஸ்டில் ஒரு நாள் மண்டபத்திலிருந்து என் சித்தப்பா மகன் போன் செய்தான். “அண்ணே, குலோத்துங்கன் செத்துட்டாருண்ணே. தஞ்சாவூர்ல, பைக்ல போகையில.” எந்தக் குலோத்துங்கன் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த குலோத்துங்கர்கள் எல்லாம் சோழர்கள். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஈஸ்ட் பெங்கால் குலோத்துங்கன்ணே” என்றான். என் அறியாமை அவனைப் புண்படுத்திவிட்டது என்று குரலில் தெரிந்தது.

காலியா குலோத்துங்கன் நடுக்கள ஆட்டக்காரர். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். இறுதி ஆட்டத்தில் தோற்ற பெக் டெரோ சசானா லேசான அணி அல்ல. அதே வருஷம் ஆசியச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி வரை போன தாய்லாந்து அணி. 3-1. கோல் போட்டவர்கள் ஓகோரோ, பூட்டியா, அல்விட்டோ. குலோத்துங்கன் பெயர் அந்த வரியில் இல்லை. பிற்பாடு மொகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், விவா கேரளா என்று சட்டை மாறிக்கொண்டே இருந்தது. அணியின் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்த பையன்தான் எனக்குப் போன் செய்தவன்.

அவனும் சட்டை மாற்றுகிறவன்தான். யாரோ ஒருவரின் விசைப்படகில் வலை இழுக்கிறான். சொந்தப் படகு கிடையாது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகு கரையில் கிடக்கும். அந்த நாட்களில் எழுவர் ஆட்டத்துக்குக் கூலிக்குப் போவான். இந்த வருஷம் கீழக்கரைக்கு ஆடினால் அடுத்த வருஷம் கீழக்கரைக்கு எதிராக. பஸ் சார்ஜ், சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். கோப்பையை ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போகும்போது இவன் பஸ் ஸ்டாண்டில் நிற்பான்.

இங்கிலீஷில் இவர்களுக்கு ‘ஜர்னிமேன்’ என்று ஒரு சொல் உண்டு. ஆஸ்திரேலியாவின் முட்டைப்பந்து ஆட்டக்காரர்களுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். பயணத்தோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை, ‘நாள்’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தொழிலை முழுக்கக் கற்று முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், நாட்கூலிக்கு வேலை செய்கிறவன். கற்று முடித்தவன் என்பதுதான் விஷயம். அரைகுறை என்று பொருளில்லை. தமிழ் விமர்சனத்தில் நாம் கையில் வைத்திருக்கும் சொல் வேறு: இரண்டாந்தரம்.

அந்தச் சொல்லை நானும் உபயோகித்திருக்கிறேன். அந்தப் போன் வருவதற்கு இரண்டு வருஷம் முன் ஒரு கவிஞரைப் பற்றி எழுதினேன். முப்பது வருஷமாக எழுதியவர். ஒரு பத்திரிகை நின்றால் அடுத்ததற்கு, அது நின்றால் அதற்கடுத்ததற்கு. ஒரு தொகுப்பு, அதுவும் சொந்தச் செலவில். ‘இரண்டாந்தரம்’ என்ற சொல்லைக் கட்டுரையில் மூன்று இடத்தில் போட்டிருந்தேன். அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. “படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.” அவ்வளவுதான். நான் பதில் போடவில்லை.

தம்பியிடம் அன்று, பேச்சை வளர்ப்பதற்காக, நடுக்களத்தில் ஆடுகிறவனுக்கு என்னடா வேலை என்று கேட்டேன். “பந்த வச்சுக்கக் கூடாதுண்ணே. நமக்கு வர்றதுக்கு முன்னாடியே யாருக்குக் குடுக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். குடுத்தப்புறம் யாரும் நம்மளப் பாக்க மாட்டாங்க. அது நல்லதுதான், அடுத்த எடத்துக்கு ஓடிரலாம்.”

பிறகு அந்தக் கவிஞரின் தொகுப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். என் அபிப்பிராயம் பெரிதாக மாறிவிடவில்லை. மகத்தான கவிதை என்று ஒன்றும் அதில் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்து, நாம் கொண்டாடுகிற இரண்டு பேருடைய வரியின் நடை அதில் இருக்கிறது. அவர்களிடம் போவதற்குப் பத்து வருஷம் முன்பே இவரிடம் இருந்திருக்கிறது. கட்டுரை எழுதிய நாளில் இதை நான் பார்க்கவில்லை. என் கண் கோல் கம்பத்தில் இருந்தது.

அவர் விலாசம் அந்தக் கார்டில் இருக்கிறது. இரண்டு முறை எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். “சரியாக எழுதவில்லை” என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். சரியாகத்தான் எழுதினேன். போதாமல் எழுதினேன்.