குகைக்குப் போக ஓர் ஏற்பாடு

உலகத்திலேயே மிகப் பெரிய குகை எது என்று கேட்டால், மத்திய வியட்நாமில், லாவோஸ் எல்லையை ஒட்டிய போங் நா-கே பாங் வனத்தில் இருக்கும் ஸோன் தூங் என்று விஷயம் அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். அதன் உயரம் சில இடங்களில் 200 மீட்டர். அகலம் 150 மீட்டர். நீளம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். உள்ளே ஓர் ஆறு ஓடுகிறது. இரண்டு இடங்களில் மேற்கூரை இடிந்து விழுந்து, வெயிலும் மழையும் உள்ளே இறங்கிப் பாதாளத்தில் ஒரு காட்டையே வளர்த்திருக்கின்றன.

இதைக் கண்டவர் யார் என்பதில் நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 1990-ம் வருஷத்தையொட்டி, ஹோ கான் என்ற காட்டுவாசி அகிற்கட்டை தேடிப் போனார். புயலுக்கு ஒதுங்கிய பாறையருகே ஒரு பிலத்திலிருந்து மேகம் கிளம்பி வருவதையும், உள்ளே ஆறு இரைவதையும் கண்டு பயந்து திரும்பிவிட்டார். பிறகு வழி மறந்துபோயிற்று. ஹோவர்ட் லிம்பர்ட் என்ற ஆங்கிலேயரும் அவருடைய கூட்டத்தாரும் கேட்டுக்கொண்டதன்பேரில் தேடித் தேடி, 2008-ல் அந்த வாயிலை மறுபடியும் கண்டுபிடித்தார். மறு வருஷம் ஆங்கிலேயர்கள் உள்ளே போய் அளந்தார்கள். அளந்தவர்களுக்குரிய பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் வழிகாட்டி முன்னே நடந்தார். அளவுச் சங்கிலி பின்னேதான் போயிற்று.

இந்தக் கோடை விடுமுறையில் அங்கே போய்வருவதென்று ஆசிரியர்கள் நால்வர் தீர்மானித்தோம். நால்வருக்கும் வயது நாற்பதுக்கு மேல். சம்பளமோ எல்லாருக்கும் தெரிந்ததே.

விசாரித்தபோது முதலில் தெரிந்தது, ஸோன் தூங் எங்களுக்கு எட்டாது என்பது. 2013 முதல் பிரயாணிகளை உள்ளே விடுகிறார்கள். அதுவும் வருஷத்துக்குச் சுமார் 1000 பேரைத்தான். அனுமதி பெற்ற கம்பெனியும் ஒன்றே ஒன்று. நான்கு பகல், மூன்று இரவு. ஆளுக்கு 3000 டாலர், அதாவது நம் பணத்தில் இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல். நால்வரில் ஒருவர், "பணக்காரருக்கு மட்டும்தானா இயற்கை?" என்று கோபித்துக்கொண்டார். கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் மறுபக்கமும் பார்க்கவேண்டும். 2014-ல் அந்தக் குகைக்குக் கம்பிவடத்தில் தொங்குவண்டி விட ஒரு யோசனை வெளியாயிற்று. பத்து கிலோமீட்டருக்கு மேல் வடம். மணிக்கு 1000 பேர்! வருஷத்துக்கு ஆயிரம் எங்கே, மணிக்கு ஆயிரம் எங்கே? அந்நாட்டு இளைஞர்களே பெரிய கிளர்ச்சி செய்து அதை நிறுத்தினார்கள். இன்றும் பத்து விருந்தினருக்கு இருபதுக்கு மேற்பட்ட ஊர்க்காரர்கள் மூட்டை தூக்கியும், சமைத்தும், கயிறு பிடித்தும் பிழைக்கிறார்கள். முன்பு மரம் வெட்டியும் வேட்டையாடியும் வயிறு வளர்த்த கிராமங்கள் அவை. தொங்குவண்டி வந்திருந்தால் இவர்கள் வாசலில் இளநீர் விற்றுக்கொண்டிருப்பார்கள். இதைச் சொன்னபிறகு நண்பரின் கோபம் பாதி தணிந்தது. மீதிப் பாதி எங்களுக்கும் இருக்கிறது.

ஆகவே ஹாங் ஏன் என்ற குகைக்குப் போவதென்று முடிவாயிற்று. 'ஹாங்' என்றால் குகை. 'ஏன்' என்றால் உழவாரக் குருவி. (வீட்டில் பெயரைச் சொன்னதும், "அதைத்தான் நாங்களும் கேட்கிறோம், ஏன்?" என்றார்கள்.) உலகக் குகைகளில் இதற்கு மூன்றாவது இடம் தருகிறார்கள். ஸோன் தூங்குக்குப் போகிறவர்களும் இதன் வழியாகத்தான் நடக்கவேண்டும். இரண்டு பகல், ஓர் இரவு. செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

ஹானோயிலிருந்து ரயிலில் ஓர் இரவுப் பிரயாணம் செய்தால் தோங் ஹோய். அங்கிருந்து போங் நா கிராமத்துக்கு மோட்டாரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பிறகு அமெரிக்கக் குண்டுகள் ஓயாமல் விழுந்த ஹோ சி மின் சாலை. சாலையோரத்தில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தால், புரு-வான் கியூ மக்களின் பான் தூங் என்ற சின்னஞ்சிறு கிராமம் வருகிறது. அதற்கப்பால் பாதை என்பதே ஓடைதான்; முழங்கால் தண்ணீரில் எத்தனையோ தடவை குறுக்கே போகவேண்டும். குகை வாயிலில் தலைக்கவசமும் விளக்கும் தருகிறார்கள். பாறைகளின்மேல் ஏறி உச்சியில் நின்றால், கீழே பச்சைத் தண்ணீரின் கரையில் மணல்திட்டு. அதில் வரிசையாகக் கூடாரங்கள். அங்கேதான் இரவு.

போகிற நேயர்கள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வெள்ளத்தால் குகைகளை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே நல்ல காலம். மழை பெய்தால் அட்டைகள் கிளம்பும், நீண்ட காலுறை வேண்டும். தோல் ஜோடு உதவாது. தண்ணீர் உள்ளே புகுந்தால் உடனே வடிந்துவிடும் ஜோடுதான் சரி. கழிப்பிடத்தில் தண்ணீருக்குப் பதிலாக உமி போடுகிறார்கள்; கழிவையெல்லாம் முதுகில் சுமந்தே வெளியே கொண்டுவருகிறார்கள். ஆகையால் மூட்டையில் வீண் காகிதமும் புட்டிகளும் வேண்டாம். சைவ உணவுக்காரர் முன்கூட்டியே எழுதிவிடவேண்டும். வெறும் கீரையில்கூட மீன்சாறு ஊற்றுவது அவர்கள் வழக்கம்.

கஷ்டமெல்லாம் இரண்டாம் நாள் மாலையில்தான் என்கிறார்கள். களைத்த காலோடு சாலைக்குத் திரும்ப மலையேறவேண்டும். அதற்காக நால்வரும் தினந்தோறும் பள்ளிக்கூட மாடிப்படியைப் பத்துத் தடவை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் வராந்தாவில் நின்று எண்ணுகிறார்கள். ஒன்பதோடு நிறுத்தினால் விடுவதில்லை.