கிணற்றடியில் கேட்ட கதை

1990 யூனில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா எடுத்து வந்தது காணி உறுதியையும் இரண்டு சேலைகளையும்தான். படங்கள் எல்லாம் அலுமாரிக்குள்ளேயே போய்விட்டன.

27 ஆண்டுகளின் பின், 2017 யூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதனோடு 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டன. சில நாட்களில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வீடு இருந்த இடத்தில் பற்றைதான். கிணறு மட்டும் இருந்தது. கிணற்றுக்கட்டில் கையை ஊன்றியபடி அம்மா சொல்லத் தொடங்கினா.

"அந்தப் பூவரசுக்குக் கீழதான் அப்பு வலை பொத்துவார். இந்தக் கிணறு வெட்டக் காசில்லாமல் ஆச்சியின்ர தாய் தன்ர சங்கிலியை ஈடு வைச்சவ பிள்ளை."

அந்தக் கிழவியின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். உறுதியில் நான்கு எல்லைகளும் உண்டு. அவவின் பெயர் இல்லை. அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதினேன். இன்று அம்மா இல்லை. கொப்பி இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். பின்னேரம் தேத்தண்ணீரோடு பக்கத்தில் இருந்து கேளுங்கள். பெயர், ஊர், தொழில், இடம்பெயர்ந்த வழி, எல்லாவற்றையும் எழுதுங்கள். மிஞ்சிய படங்களின் பின்புறம் யார் யாரென்று பென்சிலால் குறியுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. ஆகவே ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.