மழைக்கால மக்ரூன்

மூன்றே பொருள், நாற்பதே நிமிடம் என்று சொல்லித் தூத்துக்குடி மக்ரூனைச் செய்துகாட்டும் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. அண்ணன் மகன் ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டுகிறான். பொருள் மூன்றுதான், அதில் பொய்யில்லை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. ஆனால் நாற்பது நிமிடத்தில் வெளியே வருவது மேலே பழுப்பேறி, உள்ளே ஈரம் காயாத ஏதோ ஒன்று. மறுநாள் டப்பாவைத் திறந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அதற்கும் எங்கள் ஊர்ப் பெயரைத்தான் வைக்கிறார்கள். கடையை அவனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பவன்தான் நான். ஆனாலும் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

முந்திரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழுப்பருப்பு வேண்டியதில்லை, உடைசல் போதும். வெயிலில் காயவைத்து, எண்ணெய் கக்காமல் ரவைப் பதத்தில் திரிக்க வேண்டும். சர்க்கரையும் பருப்பும் எங்கள் வீட்டுக் கணக்கில் சம எடை. இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான்.

வெள்ளைக்கருவில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது பெரியப்பா. நெடுநாள் வரை என் கையில் அவர் மத்தைக் கொடுக்கவே இல்லை. முட்டை உடைப்பதுதான் என் வேலை. ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, சுத்தமாக இருந்தால்தான் பெரிய சட்டியில் விட வேண்டும். மஞ்சள் கரு ஒரு சொட்டுக் கலந்துவிட்டாலும் அந்த வெள்ளை கேக்குக்குத்தான் போகும். சட்டியைக் கொதிநீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துவைப்பேன். அவர் விரலால் உள்ளே துடைத்து முகர்ந்து பார்ப்பார். “ஏலே, எண்ணெய் வாசம் அடிக்குல்லா, இதுல எப்படில நுரை ஏறும்?” என்று திருப்பித் தள்ளிவிடுவார். மறுபடி கழுவ வேண்டியதுதான்.

அன்றிட்ட முட்டையை அவர் தொடமாட்டார். இரண்டு மூன்று நாள் இருந்த முட்டையில் வெள்ளை இளகியிருக்கும், சீக்கிரம் நுரைக்கும். அதற்காக ரொம்பப் பழையதை எடுத்தால் நுரை நிற்காது. சர்க்கரை போடும் நேரம் இன்னும் கடினம். முன்னாலேயே கொட்டினால் நுரை ஏற மறுக்கும். பிந்திப் போனால் நுரை வறண்டு திரிதிரியாகிவிடும், பிறகு சர்க்கரை அதில் கரையாது. நுரை வெளுத்து, மத்தின் தடம் அதில் லேசாகத் தங்கத் தொடங்கும்போது ஒரு கை போட வேண்டும், அது கரைந்த பிறகு அடுத்த கை. இரு விரலுக்கிடையே தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. பெரியப்பா சட்டியைப் பார்க்கவே மாட்டார். ரொட்டி மேசையில் மாவு வெட்டிக்கொண்டே மத்துச் சத்தத்தைக் கேட்பார். சளசளவென்ற சத்தம் கனத்து அடங்கியதும் “போதும்ல” என்று குரல் வரும். அதற்கு மேல் அடித்தால் நுரை தண்ணீர் விட்டுவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் எது என்று என் காதுக்குப் பிடிபட வருடங்கள் ஆயின. இன்று இயந்திரம் அடிக்கிறது, அதன் இரைச்சலில் காதுக்கு வேலையில்லை. அண்ணன் மகன் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துகிறான். முட்டை தினமும் ஒன்றுபோல் இருக்குமா?

பருப்புத் தூளைக் கடைசியில் கையால் புரட்டிச் சேர்ப்போம். பருப்பின் எண்ணெய் பட்டதும் நுரை அமுங்கத் தொடங்கும், அதனால் தாமதிக்காமல் தட்டில் கூம்பு விட்டாக வேண்டும்.

பிறகு அடுப்பு. பகலில் ரொட்டியும் பன்னும் சுட்டு, விறகுத் தணலை வாரி எடுத்தபின் சுவரில் மிஞ்சி நிற்கும் சூட்டில்தான் இரவெல்லாம் மக்ரூன் கிடக்கும். அது காய வேண்டுமே தவிர நிறம் மாறக் கூடாது. இந்த ஊரில் காற்றிலேயே கடல் இருக்கிறது. சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதிலும் கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், எங்களுக்கோ அப்போதுதான் வேலை. மழை நாளில் கூம்பைச் சிறிதாக விடச் சொல்வார் பெரியப்பா. அடுப்பு வாயை ஒருக்களித்து வைத்து ஆவியை வெளியே விடுவார். ஆறிய சூட்டோடு தகர டின்னில் அடைக்காவிட்டால் மதியத்துக்குள் நமுத்துவிடும். மின்சார அடுப்பில் வராது என்று நான் சொல்லமாட்டேன். 100 டிகிரிக்குக் கீழே வைத்து, கதவைச் சற்றே திறந்து, மணிக்கணக்காக விட்டால் அதிலும் நன்றாகவே வரும். ஆனால் யாரும் அத்தனை நேரம் காத்திருப்பதில்லை. 150 டிகிரியில் வைத்து எடுத்துவிடுகிறார்கள், நுரை தளர்ந்துவிடாமலிருக்கச் சோள மாவும் சேர்க்கிறார்கள்.

பத்திரிகைகளிலிருந்து வருகிறவர்கள் போர்த்துக்கீசியரைப் பற்றித்தான் கேட்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தது உண்மை, முந்திரியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் உண்மை. ஐரோப்பாவில் வாதுமையில் செய்த மக்ரூன் இங்கே முந்திரிக்கு மாறியது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மத்துப் பிடித்தவர்களைப் பற்றி ஒரு வரி வராது. படத்துக்கு மட்டும் கிரீம் வைத்து இரண்டாக ஒட்டிய வண்ண வண்ணப் பிரெஞ்சுப் பலகாரத்தைப் போட்ட பத்திரிகையும் உண்டு. எங்கள் வெள்ளைக் கூம்பு ஒன்றைப் படமெடுக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூடவா கிடைக்கவில்லை?

விலை சொன்னால், வெறும் முட்டையும் சீனியும்தானே என்று முகத்துக்கு நேரே கேட்கிறவர்கள் உண்டு. முந்திரி விலையை அவர்கள் விசாரித்ததில்லை. அப்படிக் கேட்கிறவர்களுக்காகவே இப்போது நிலக்கடலைத் தூள் கலந்த சரக்கு வந்துவிட்டது. நிலக்கடலையை நான் தாழ்த்திப் பேசவில்லை. நம் மாவட்டத்திலேயே கோவில்பட்டிக் கடலை மிட்டாய் அதில்தான் பேர் வாங்கியது, 2020இல் புவிசார் குறியீடும் பெற்றது. அவர்கள் கடலையைக் கடலை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள், சாப்பிட்டால் மூச்சுத் திணறும். மக்ரூனில் கடலை கலக்கிறவர்கள் பெட்டியின் மேல் அதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். எங்கள் கடையில் ஒருநாளும் அது நுழையாது என்று அண்ணன் மகனிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.